ஒற்றை ஜிமிக்கி

தமுக்கத்தில் எங்களுக்குக் கிடைத்தது
அறுபத்தொன்றாம் எண் கடை.
ஒரு பக்கம் டெல்லி அப்பளம்,
மறுபக்கம் காய் நறுக்கும் கருவியை
மைக்கில் விற்கும் ஒருவர்.
காலையிலிருந்து ஒரே கேரட்டைத்தான்
நறுக்கிக்கொண்டிருக்கிறார் போலிருந்தது.

நாகஜோதி என்னோடு பேசி இரண்டு நாள்.
கடை வாடகைக்கு அவள் சங்கிலியைக்
கேட்காமல் வைத்துவிட்டேன்.
கேட்டிருந்தால் தந்திருப்பாள்.
அதுதான் சண்டையே.

விளாச்சேரி மண்ணைப் பிசைவது, உருட்டுவது,
ஊசிமுனையால் பூக் கீறுவது, வண்ணம் பூசுவது அவள்.
ஜெய்ஹிந்த்புரம் மொட்டைமாடியில்
எண்ணெய் டின்னுக்குள் வரட்டி அடுக்கிச் சுடுவது,
புகைக்காக வீட்டுக்காரம்மாவிடம் திட்டு வாங்குவது,
கொக்கி மாட்டுவது நான்.

பேரத்துக்கு எங்களிடம் ஒரு பாஷை உண்டு.
'தண்ணி குடிச்சியா' என்று நான் கேட்டால்
குறைத்துக் கொடுத்துவிடு.
அவள் இடது காதைத் தொட்டால்
ஒரு ரூபாய்கூட இறங்காதே.
இன்று எல்லோருக்கும் இடது காதைத் தொட்டாள்,
விலையே கேட்காத
ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட.

ஆனையூர் டீச்சர் ஒருவர்
நெக்லஸை உள்ளங்கையில் நிறுத்துப் பார்த்தார்:
'மண்ணுங்கிறீங்க, உடையாதா?'
'தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாதுக்கா.
கைநழுவிப் போட்டா உடையும்.
போட்டா, போட்டேன்னு சொல்லிரணும்.'
டீச்சர் என்னைப் பார்த்தார்.
நான் கொக்கியைப் பார்த்தேன்.

'என்ன இருந்தாலும் தங்கம் மாதிரி வருமா'
என்றது அடுத்த குரல்.
'தங்கத்தை வச்சுத்தாங்க
மண்ணையே விக்கிறோம்.'
விளையாட்டுப் பேச்சு என்று சிரித்துக்கொண்டே
இரண்டு ஜோடி வாங்கிப் போனார்கள்.

எங்கள் கடையில் அதிகம் பேசியது
அந்தச் சின்ன ஸ்பீக்கர் பெட்டிதான்.
நூற்று இருபது ரூபாய் பெறப்பட்டது
என்று அது சொல்லும்போதெல்லாம்
இருவரும் ஒரே நேரத்தில் தலை தூக்கினோம்.
அப்புறம்
வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

ஏழரைக்குக் கூட்டம் நெரித்தது.
வடிந்த பிறகு பார்த்தால்
நீல ஜிமிக்கி அட்டையில் ஒன்றுதான் தொங்குகிறது.
செல்போன் வெளிச்சத்தில்
மேசைக்கடியில் புகுந்து தேடினோம்.
அகப்பட்டவை: ஒரு கொக்கி, ஐந்து ரூபாய்,
யாரோ கைக்குழந்தையின் காலுறை,
பக்கத்துக் கடையிலிருந்து தெறித்த கேரட்.
என் நெற்றி அவள் நெற்றியில் இடித்தது.
'பாத்து' என்றாள்.
இரண்டு நாளில் முதல் சொல்.
கோபமாகத்தான்.

'இதுக்கு ஜோடி செஞ்சுரலாம்' என்றேன்.
'அந்த நீலம் வராது.
எத்தனை சொட்டு கலந்தேன்னு எனக்கே தெரியாது.'

அப்போது வந்தார் கேரட்காரர்,
மைக் இல்லாமல், கரகரத்த சொந்தக் குரலில்.
ஸ்கூட்டர் சாவிக்குத் தொங்கவிட வேண்டுமாம்.
'ஒத்தையாத்தான் வேணும்,
சாவிக்கு ஏது ரெண்டு காது?'
எண்பது என்றேன். நாற்பது என்றார்.
நான் பழக்கத்தில் திரும்பி
'தண்ணி குடிச்சியா?' என்றேன்.

அவள் கை காதுவரை போய்
நின்றது.
'இல்ல. காலையில இருந்து குடிக்கல.
கேக்கத்தான் ஆளில்ல.'

பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து கொடுத்தேன்.
அண்ணாந்து, பாதிக்கு மேல் குடித்தாள்.
கழுத்து வெறுமையாக இருந்தது.
நாங்கள் சரி என்று சொல்லும் முன்பே
நாற்பது ரூபாய் பெறப்பட்டது என்று
பெட்டி முடித்துவைத்துவிட்டது.

ஒன்பதரைக்கு விளக்கு அணையத் தொடங்கியது.
மிஞ்சியதைப் பழைய நாளிதழில் சுற்றிக்கொண்டே
அடகு ரசீதைக் கேட்டாள்.
சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்,
வியர்வையில் நனைந்திருந்தது.
தேதியைப் படித்தாள்.
எடையைப் படித்தாள்.
'வட்டி எம்புட்டுன்னு ஒத்துக்கிட்டு வந்தீக?'

சொன்னேன்.

இடது காதைத் தொட்டாள்.