அல்லது சமம்

கிம் மோ உணவங்காடி.
பக்கத்து மேசையின் வட்ட இருக்கைமேல்
ஒரு டிஷ்யூ பொட்டலம்.
காப்புறுதி விளம்பரம் அச்சிட்டது, பாதி தீர்ந்தது.
ஆள் இல்லை.
இந்த ஊரில் அதற்கு அர்த்தம், ஆள் உண்டு.

செங் யீக்காகக் காத்திருக்கிறேன்.
95ஆம் பேருந்து மழையில் ஊர்கிறதாம்.

மூன்று வருடமாக ஒரே ஒரு சமனின்மை.
இடப்பக்கம், அலைகளாய்ப் பிரித்துப்போட்ட சார்பின் அளவு.
வலப்பக்கம், பிரிக்காத அதே சார்பு,
அதற்கு முன்னால் ஒரு மாறிலி.
இடது, வலதைவிடக் குறைவு
அல்லது சமம்.

மாறிலி முதல் வருடமே சிக்கியது.
அதில் ஓர் இம்மி குறைத்தால் வாக்கியம் பொய்.
கூட்டினால் உண்மைதான்,
ஆனால் சோம்பேறி உண்மை.
கூர்மை என்று நாங்கள் சொல்வது கத்தியை அல்ல,
இதற்குமேல் பேரம் படியாத விலையை.

அந்த விலைக்கு வாங்க வருவது யார்?
சமக்குறியில் வந்து உட்காரும் சார்பு எது?
மணி வடிவம் என்று எழுதியவள் நான்தான்,
மானிய விண்ணப்பத்தில், தடித்த எழுத்தில்.
நடுவில் எழுந்து இருபுறமும் பணிவாய் இறங்கும் மணி.
இந்த மாதிரி இடங்களில் வழக்கமாக
அதுதான் முன்பே வந்து உட்கார்ந்திருக்கும்.
செங் யீ ஒரு ராத்திரி கணக்குப் போட்டாள்.
மூன்றாம் தசமத்திலேயே தோற்றது.
"வல்லி, உன் மணி அடிக்கவில்லை" என்று செய்தி,
கூடவே ஓர் அழுமூஞ்சி.

பிறகு வரிசை வரிசையாய்த் துரத்தினோம்,
ஒவ்வொரு சார்பும் முந்தியதைவிட மாறிலிக்கு அருகே.
எல்லையில் பிடித்து நிறுத்தலாம் என்று போனால்
கை வெறும் கை.
ஒன்று, துவாஸ் போகும் ரயில்போல நகர்ந்துகொண்டே போனது.
பின்னால் ஓடி, இழுத்துவந்து ஆதிப்புள்ளியில் கட்டினோம்.
ஒன்று ஊசியாய் ஒடுங்கப் பார்த்தது.
ஒடுங்கினால் மதிப்பு விழும் என்று காட்டினேன்,
தீபாவளிக்கு முந்திய வாரம்,
தேக்காவில் மருதாணிக்கு நின்ற வரிசையில்,
இன்னும் மருதாணி படாத உள்ளங்கையில் எழுதி.
மூன்றாவது
சுமத்ராவிலிருந்து வரும் புகைமூட்டம்போல
எங்கும் பரவி, எங்கும் மெலிந்து,
மொத்தம் மட்டும் குறையாமல்
எந்த ஓர் இடத்திலும் இல்லாமல் போனது.
அதை எதில் கட்டுவது?

இப்போது ஒரு பெண் வருகிறார், கையில் மீ ரெபுஸ்.
இருக்கையைப் பார்க்கிறார், பொட்டலத்தைப் பார்க்கிறார்.
ஒரு சுற்று.
இன்னும் நெருங்கி ஒரு சுற்று,
குழம்பு ஒரு சொட்டு மேசையில் விழும் அளவுக்கு.
உட்காரவில்லை.
அவருக்குப் பின் சீருடையில் இரண்டு பையன்கள்,
அப்புறம் தலைக்கவசம் கழற்றாத ஓர் உணவு விநியோகக்காரர்.
இருபது நிமிடமாய்
இல்லாத ஒருவருக்காக
இத்தனை பேரின் பாதை வளைகிறது.

என் காப்பி ஓ ஆறிவிட்டது.

செங் யீ வந்தாள், முழங்காலுக்குக் கீழே சொட்டச் சொட்ட.
"யாரும் இல்லை" என்றேன்.
இருக்கையைத் திரும்பிப் பார்த்தாள்.
"அங்கே இல்லை. சமக்குறியில்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.
மேலே மின்விசிறி, கீழே யாரோ தட்டு அடுக்கும் சத்தம்.
பிறகு என் பேனாவை வாங்கி
≤ குறியின் அடிக்கோட்டை
மெதுவாக, குறுக்கே கீறினாள்.
"நிரூபிக்க வேண்டும். நான்கு மாதம்?"
"ஆறு" என்றேன்.
பதினொன்று ஆனது.

இரண்டே சொல்லை அடிக்க
மூன்று வருடச் சம்பளம்.
மானியக் குழுவுக்கு என்னவென்று எழுதுவது?
முகவரி சரி, அந்த ஆள் பிறக்கவில்லை என்றா?

அதற்குள் மேசை துடைப்பவர் வந்துவிட்டார்.
பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கினார்.
ஈரத்துணியால் இருக்கையை ஒரு வழி, மறு வழி துடைத்தார்.
பிறகு பொட்டலத்தை
இருந்த இடத்திலேயே,
விளம்பரம் மேலே தெரியும்படி
வைத்துவிட்டு
அடுத்த மேசைக்குப் போனார்.