மஞ்சளுக்கு ஆறு

நெலிதா உர்ருத்தியா பதினோரு வருடம்
கையால் பூசிய மஞ்சள் இது.
தக்வரெம்போ கம்பளிக் கூட்டுறவின் கடன் கணக்கில்
நானூற்றுச் சொச்சம் வரிசை,
நாற்பத்து மூன்று மட்டும் மஞ்சள்.

மஞ்சளை விட்டுவிட்டுக் கூட்டு என்கிறார் அதெமார்,
அரிசியில் கல் பொறுக்கச் சொல்வதுபோல.
ஐந்து மணிக்கு வேண்டுமாம்.

எழுதிப் பார்த்தேன்:
கட்டம் மஞ்சளானால் சுழியம்,
இல்லாவிட்டால் உள்ள தொகை.
சூத்திரம் என்னையே திருப்பிக் கேட்டது:
நோம்ப்ரே? பெயர்?
இந்த நாட்டு வழக்கப்படி
முன்னால் ஒரு கேள்விக்குறி தலைகீழாய்,
பின்னால் ஒன்று நேராய்.

உள்ளே இருக்கும் எண் தெரியும் அதற்கு.
மேலே போட்ட சட்டை தெரியாது.

பழைய மேக்ரோ ஒன்று உண்டு.
பெயர் சூட்டிக் கூப்பிட்டால்
பூசாத கட்டத்துக்குச் சுழியம் என்னும்,
சிவப்புக்கு மூன்று, மஞ்சளுக்கு ஆறு.
கூப்பிட்டேன்.
நாற்பத்தோரு ஆறு வந்தது.
மீதி இரண்டுக்கு முப்பத்தாறு:
என் கண் தவறவிட்ட வெளிர் மஞ்சள்.

எதற்கு ஆறு என்று மட்டும் சொல்லவில்லை.

ரொச்சாவுக்குப் போன் போட்டேன்.
நெலிதாவின் குரலுக்குப் பின்னால் கடல் இரைந்தது.
நான் வரிசை எண் சொல்லச் சொல்ல
அவள் யோசிக்காமல் சொன்னாள்.

பதினேழா? அந்த வறட்சியில் ஆடு அத்தனையும் போச்சு.
அறுபத்திரண்டு நம்ம தராசுப் பிழை,
அவருக்குத்தான் நாம தரணும்.
எண்பது...
அந்த ஆள் தொப்பியைக் கழற்றிக் கையில வச்சுக்கிட்டு
வாசல்லயே நின்னான். அவ்வளவுதான்.
வெளிர் மஞ்சளா?
அது ரெண்டும் நான் இன்னும் முடிவு பண்ணலை.

இருநூற்றுப் பன்னிரண்டு, என்றேன்.
கொஞ்ச நேரம் கடல் மட்டும்.
அது விரல் தவறினது.

அந்த வரிசையில் பெயர்
ஓராசியோ உர்ருத்தியா.

பக்கத்தில் புதுப் பத்தி ஒன்று திறந்தேன்.
ஆடு செத்தது, என்று அடித்தேன்.
தராசுப் பிழை. தொப்பி.
வெளிர் இரண்டுக்கும்: முடிவாகவில்லை.
எழுத்து இருந்தால் சுழியம்,
வெறுமையானால் தொகை.
இந்த முறை எதிர்க்கேள்வி வரவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டில்
அவள் சொன்னதை அப்படியே அடித்தேன்:
விரல் தவறியது.
அதுவும் எழுத்துதானே.
சுழியமானது.

அழிக்கலாம். ஒரே விசை.

ஐந்துக்கு ஆறு நிமிடம் இருக்க
அதெமாரின் பூட்ஸ் படியேறும் சத்தம்.
அந்தக் கட்டத்தின் மஞ்சளை மட்டும் துடைத்தேன்.
அடியில் மொத்தத் தொகை
அசையவே இல்லை.