கிளிப் இல்லாத பெடல்

பெயரே பொய்.
கிளிப் இல்லாத பெடல் என்றுதான் பெட்டியில் போட்டிருந்தது.
உள்ளே இருந்ததோ
காலைக் கவ்விக்கொள்ள இரண்டு இரும்பு வாய்கள்.

பாடாங் செராய் கடைத்தெருவில்
சைக்கிள் கடை பூன் தௌக்கே
மூன்று ஜோடியை நாளிதழ்மேல் பரப்பினார்.
முதலாவது பந்தயக்காரர்களுக்கு.
சப்பாத்தடியில் மூன்று திருகாணி, பிளாஸ்டிக் நாக்கு,
போட்டுக்கொண்டு நடந்தால் வாத்து.
"நீ வேலைக்குப் போறவ, படி ஏறணும்"
என்றார் தமிழில்,
சீனத்தில் கணக்கு எழுதிக்கொண்டே.
இரண்டாவது, இரு பக்கமும் கவ்வும்,
செம்மண் அப்பினாலும் கவ்வும்.
மூன்றாவதற்கு ஒரு பக்கம்தான் வாய்.
மறுபக்கம் தட்டை, சிலிப்பரோடும் மிதிக்கலாம்
ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க.
நூற்றெழுபது வெள்ளி.
என் இரண்டு இரவு ஓவர்டைம்.

ஏன் வாங்கினேன் என்று கேட்டவர்களுக்குக்
கணைக்காலைக் காட்டினேன்.
போன அடைமழையில் பழைய பெடல் வழுக்கிப்
பதிந்த ஐந்து பல்.

இடது பெடலின் மரை தலைகீழ் என்று
யாரும் சொல்லவில்லை.
கழற்றுவதாக நினைத்து
அரைமணி நேரம் இறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஸ்பிரிங்கை முழுக்கத் தளர்த்தி
இரவு, வீட்டுக் கிரில்லைப் பிடித்தபடி பழகினேன்.
அழுத்தினால் க்ளக்.
குதிகாலை வெளியே திருப்பினால் விடுதலை.
பக்கத்து வீட்டு யாழரசி எண்ணினாள்,
நாற்பத்தொன்றில் அவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது.

காலை ஐந்து பத்துக்குச்
செம்பனைக் காட்டு நடுவே சாலை ஈரமாயிருக்கும்.
என் விளக்கு வெளிச்சத்தில்
ஓர் உடும்பு சாவகாசமாய்க் கடக்கும்.
மேட்டில், மிதிக்கிற கால் மட்டுமல்ல
மேலே வருகிற காலும் வேலை செய்கிறது
என்பதை முதன்முதலாய் உணர்ந்தேன்.
இத்தனை வருஷம் அது சும்மா சவாரி செய்திருக்கிறது.

மூன்றாம் நாள், லூனாஸ் சிவப்பு விளக்கு.
எல்லாம் சரியாகவே செய்தேன்.
பிரேக். இடது குதிகால் வெளியே. க்ளக்.
உடம்புதான்
வலப்பக்கம் சாய்ந்தது.
விழப்போகிறோம் என்று தெரிந்து விழுவதற்கு
எவ்வளவு நேரம் இருக்கிறது!
சைக்கிளோடு, மாட்டிய காலோடு,
வெட்டிய மரம்போலக்கூட இல்லை,
மெதுவாக, மரியாதையாக.

பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி.
ஹாரன் அடிக்கவில்லை அவன்,
இஞ்சினை அணைத்தான்.
அந்த அமைதியில்
தரையில் கிடந்தபடி குதிகாலைத் திருப்பினேன்.
பக்கத்துத் தடத்தில் எங்கள் கம்பெனி பஸ்,
ஏழாம் நம்பர்.
முப்பது முகம் கண்ணாடிக்குப் பின்னால்.
மதியச் சாப்பாடு வரைக்கும்
யாரும் சிரிக்கவில்லை.
முதலில் சிரித்தது நான்தான்,
முழங்கையில் பிளாஸ்டருடன், ரசம் சிந்த.

இப்போது கேட்டில் ஜம்ரி
என் நடைச் சத்தம் கேட்டே தடுப்பைத் தூக்குகிறார்.
"காசுட் குடா கா, கக்கா?"
குதிரை லாடமா என்று தினமும் ஒரே கேள்வி.
பூட்டறையில் சப்பாத்து மாற்றி
கம்பெனி வெள்ளைச் செருப்புக்குள் நுழைகிறேன்.
அதில் எதுவும் கவ்வுவதில்லை,
சத்தமும் இல்லை.

விளக்குக்கு ஐம்பது அடி முன்னாலேயே
கால் தயாராகிவிடுகிறது.
நிற்கும்போது விடுவிப்பது தாமதம்.
நாய் குரைத்தால், பள்ளம் தெரிந்தால்,
பள்ளிப் பிள்ளைகள் கும்பலாய் நின்றால்,
நான் நினைப்பதற்குள் அது திரும்பிவிடும்.

நேற்று சூப்பர்வைசர் தனுஷ்கோடி
உட்காரச் சொன்னார்.
மைலோ வரவழைத்தார்.
"இரவு ஷிப்ட்டை உனக்கே நிரந்தரமா..."
என்று ஆரம்பித்தார்.
மேசைக்கு அடியில்
என் இடது குதிகால்
தானாக வெளியே திரும்பியது.

வலது இன்னும் மாட்டியபடி.