பதினொரு கிலோ

அஸ்மீர் சொன்னான்:
"இருக்கையை நான் பூட்டித் தருவன் அக்கா.
மலையைப் பூட்டித் தர என்னால ஏலாது."
ஜமாலியாவில் அவன் கடை வாசல்.
நாலு போல்ட், நாலு நட்டு,
நடுத்தண்டில் ஒரு சின்னச் சிம்மாசனம்.
அதைப் பிடித்துத் தன் முழுப் பாரத்தோடும்
தொங்கிப் பார்த்தான்.
காசு வாங்கின பிறகும் ஒருமுறை தொங்கினான்.

எனக்கு ப்ளாஸ்டர் அறையில் வேலை.
ஆரக்கம்பிக்குள் போய் வந்த குதிக்கால்களைப்
பெயர் பெயராய்த் தெரியும்.
அநேகமாய் ஞாயிற்றுக்கிழமைகள்.
அநேகமாய் "இந்தா, கடை வரைக்கும்தான்" என்று ஏறினவை.
ஆகவே அஞ்சனியின் இரண்டு பாதத்தையும்
கிண்ணத்தில் வைத்து வாரை இறுக்குகிறேன்.
சப்பாத்து நாடாவை உள்ளே செருகுகிறேன்.
ஹெல்மெற் வாருக்கும் நாடிக்கும் நடுவில்
என் ஒரு விரல் போகலாம்,
இரண்டாவது போகக்கூடாது.
போன விரலை அவள் கடிக்கிறாள்.

தயாபரன் ஒன்றும் சொல்வதில்லை.
படலையடியில் வந்து நின்று
முன்பிறேக்கை ஒருதரம், பின்பிறேக்கை ஒருதரம்
அமத்திப் பார்க்கிறான்,
மாம்பழம் வாங்குகிறவன் மாதிரி.

கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகளுக்கு அப்பால்
கிறவல் பாதை கல்மேட்டில் ஏறும்.
அவள் பிறக்க முதல் இதே இறக்கத்தில்
பிறேக்கைத் தொடாமல் வந்திருக்கிறேன்.
காதுக்குள் காற்று தண்டவாளம் போடும்.
ஒருதரம் விழுந்து
முழங்கைத் தோலை அங்கேயே விட்டேன்.
என் தோல்தானே,
கணக்கு என்னோடு முடிந்தது.

இப்போது முன்சில்லுக்கு மேலே பதினொரு கிலோ.
அரிசி மூட்டை என்றால் அசையாது.
இது காகத்தைக் கண்டால் வலப்பக்கம் சாயும்.
மாட்டைக் கண்டால் என் கையில் அடித்து
"ம்மா!" என்று
எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிடும்.
ரயரில் காற்றைக் குறைத்திருக்கிறேன்.
கழுத்து என்று ஒன்று அவளுக்கு
இன்னும் முழுதாய் வந்து சேரவில்லை.
ஒவ்வொரு கல்லையும்
என் முழங்கால்கள் முதலில் வாங்கவேண்டும்.

பாதி இறக்கத்தில், மாரி கிழித்த வாய்க்கால்.
பின்னால் வந்த இரண்டு பெடியள்
"இடப்பக்கத்தால எடுங்கோ அன்ரி, லேசு" என்றபடி
புழுதியாய்ப் போனார்கள்.
உண்மைதான். லேசு.
அந்தக் கோட்டை நான் பார்த்துவிட்டேன்.
என் கைகளும் பார்த்துவிட்டன.
பெருவிரல் தானாய் கியரைத் தேடியது.

நிறுத்தினேன்.

ஓடும்போது விழாத சைக்கிள்
நின்றபோதுதான் விழப்பார்த்தது.
ஊன்றிய காலுக்குக் கீழே
கிறவல் உருண்டது.
முன்சில்லு தலையைத் திருப்பியது.
பதினொரு கிலோ
பதினொரு கிலோவாக இல்லை.
தொடையைக் கொடுத்துத் தாங்கினேன்.
பெடல் பல்லெல்லாம் பதிந்தது.
அவளுக்கு அது ஒரு விளையாட்டு:
"இன்னொருக்கா."

எனக்கு யாரும் சொல்லித் தராதது இது.
வேகத்துக்குப் பயந்தார்கள்,
பள்ளத்துக்குப் பயந்தார்கள்.
இறங்குகிற அந்த அரை நிமிடத்துக்கு
ஒருவரும் பயப்படவில்லை,
நானும்.

இரண்டு பிறேக்கையும் பிடித்தபடி
மிச்ச மலையை நடத்தி இறக்கினேன்.
"ஓடு, ஓடு" என்று அழுதாள்.
ஓடவில்லை.
தார் றோட்டு வந்தபின் ஓடினேன்,
அவள் சிரிக்குமட்டும்.

அனுராதபுரச் சந்திக்குக் கிட்ட
சிரிப்பு நின்றது.
ஹெல்மெற் என் நெஞ்செலும்பில் இடித்து,
முன்னால் தொங்கி, திரும்ப இடித்தது.
இந்த முறை முதலில் சுவரோரம் பார்த்தேன்.
சைக்கிளைச் சாய்த்து, சாய்வு நின்றபின் இறங்கினேன்.
ஒரு கையால் ஹான்டில்,
மற்றக் கையில் அவளுடைய நெற்றி.
வேர்வையும் புழுதியும் கலந்த சின்ன நெற்றி.
நடந்தேன்.

முச்சக்கர வண்டிக்காரன் ஒருவன் மெதுவாக்கினான்.
"என்ன அக்கா, பஞ்சரோ?"

"இல்லைத் தம்பி.
நித்திரை."