ஒரு மீட்டர் எழுபத்தெட்டு

கூடத்துச் சுவரில் பென்சில் கோடு
காப்பீட்டு ஆய்வாளர் போட்டது.
கோட்டுக்கு மேலே இன்னும் நீலப் பூக்கள்,
கீழே பழுப்பு.
அடித்தளத்தில் எண்ணெய்த் தொட்டி
மிதந்து கவிழ்ந்ததில்
சேறு காய்ந்த பிறகும் வீடு
பெட்ரோல் பங்க் போல நாறுகிறது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமாம்.
எங்கள் விஷயத்தில்
ஆறே அளந்து எடுத்துக்கொண்டு
ரைனுக்குப் போய்விட்டது.

மூன்று மதிப்பீடு வேண்டும் என்றது கடிதம்.

முதலில் வந்தவர் வெள்ளை வேனில் வந்தார்.
கதவில் காந்தத் தகட்டில் கம்பெனிப் பெயர்;
கழற்றி இன்னொன்று மாட்டலாம்.
நாற்பது சதவீதம் முன்பணம்,
திங்கட்கிழமை ஆட்கள்,
கிறிஸ்துமஸுக்கு நீங்கள் சோபாவில், என்றார்.
அந்த ஒரு சொல்லில்
என் கணவர் அன்ஸ்கார் கரைந்துவிட்டார்.
ஏழு வாரமாக மடக்குக் கட்டிலில் முதுகு.
முகவரி கேட்டேன், கைப்பேசி எண் தந்தார்.
பதிவு எண் கேட்டேன்,
சிரித்தார்.

மறுநாள் அதே வேன்
மூன்றாவது வீட்டில், குண்டுலா வாசலில் நின்றது.
பார்த்தேன்.
ரொட்டி வாங்கப் போய்க்கொண்டிருந்தேன்.

இரண்டாவது, பெரிய நிறுவனம்.
ஓபர்ட்யூர் அம்மையாரின் கோப்பில்
முப்பத்தோரு பக்கம்:
சேற்றை அள்ள ஒரு விலை,
அள்ளியதை ஏற்ற ஒரு விலை,
ஏற்றியதைக் கொட்ட ஊர் தாண்டி ஒரு விலை.
எரிகிற வீட்டில் பிடுங்கினது ஆதாயம் என்றால்
நனைந்த வீட்டில்
ரசீது கொடுத்தே பிடுங்கலாம் போலிருக்கிறது.
ஆனால் கூட்டல் சரியாக இருந்தது,
அதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாமவர் வெண்டெலின் க்ரூட்
சொன்ன நாளுக்குப் பன்னிரண்டு நாள் கழித்து வந்தார்.
அவர் வீடும் ஆற்றில்தான்.
இரவல் ரப்பர் பூட்ஸ், ஜோடி சேராதது.
வாசலில் அதைக் கழற்றினார்.
'தரையே இல்லை' என்றேன்.
'தெரியும்' என்றார்,
காலுறையோடு மண்ணில் நின்றபடி.

சுவரில் சின்னதாகத் துளையிட்டு
செங்கல் தூளை முகர்ந்தார்.
எங்களிடமும் நீட்டினார்.
'இப்போது பூசாதீர்கள். எட்டு மாதம்.
இந்தச் சுவரை இடிக்கணும்.
அந்தச் சுவர்...
எனக்குத் தெரியவில்லை.'
எழுதித் தந்த தாளில்
தொகை வர வேண்டிய ஓர் இடத்தில்
கேள்விக்குறி.

காப்பீட்டு நிறுவனம்
கேள்விக்குறிக்குப் பணம் தராது,
அன்ஸ்கார் அன்றிரவு கத்தினார்.
ஈரம் உறிஞ்சும் இயந்திரங்கள் நான்கு
இரைந்துகொண்டிருந்ததால்
எங்கள் வீட்டில் எல்லாமே கத்தல்தான்.
எட்டு மாதத்தில் எனக்கு எழுபத்தொன்று, என்றார்.
நான் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு மூன்று வாரம் க்ரூட் வரவில்லை.
அன்ஸ்கார் ஒன்றும் சொல்லவில்லை,
சோபா விளம்பரத் தாளை மட்டும்
மேசையில் விட்டுவைத்தார்.

நவம்பரில் குண்டுலா கூப்பிட்டாள்.
புது வெள்ளைச் சுவர், உள்ளங்கை அகலத்தில்
மஞ்சளாக ஏதோ வெளியே வருகிறது.
அதே நாற்றம்.
அந்த எண்ணில் யாரும் எடுப்பதில்லை.
'உங்கள் வீட்டுக்கும் வந்தானா அவன்?'

'நாங்கள் அப்போது ஊரில் இல்லை'
என்று என் வாய் சொன்னது.
அவள் முன்னால்
அந்த மஞ்சளைத் தொட்டுப் பார்த்தேன்,
விரலை முகர்ந்தேன்,
க்ரூட்டின் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.

இன்று காலை அவர் பேசினார்.
அந்த அம்மா வீட்டை முதலில் பார்க்கணும்,
உங்கள் முறை தள்ளிப்போகும்,
ஒருவேளை கோடைக்கு.
பரவாயில்லையா?

'பரவாயில்லை.'

'யாரது? என்ன பரவாயில்லை?'
மாடியிலிருந்து அன்ஸ்கார்.

நான்காவது இயந்திரம் அணைந்து கிடந்தது.
அதையும் போட்டுவிட்டேன்.