நிரைக்கு நிரை

இடப்பக்கம் பிள்ளைகள், வலப்பக்கம் பரீட்சை நிலையங்கள்.
எல்லோரையும் எல்லா இடத்துக்கும் அனுப்பிப் பார்க்கிற கணக்கல்ல இது.
முதல் நிரைக்கு முதல் நிரை,
இரண்டாவதுக்கு இரண்டாவது,
நானூற்றுப் பன்னிரண்டு சோடி.
ஆருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று
வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் திரும்புகிற மின்விசிறியின் கீழ்
கட்டளையை அழுத்தினேன்.
பதினொரு விநாடி.
குடாநாடு முழுக்கச் சிவப்பு நூல்.
ஒரேயொரு நிரை வெற்று; பிறகு பார்க்கலாம் என்று விட்டேன்.

"முடிஞ்சுதோ?" என்றா தர்மாவதி மிஸ், தேத்தண்ணியோடு.
ஓம் என்றேன்.
பிறகுதான் கண்டேன்:

பாசையூர் டிலோஜினி பருத்தித்துறைக்குப் போகிறாள்.
கொடிகாமத்துப் பவிசன் காரைநகருக்கு.
சோனகதெருச் சுமையா
நாவற்குழிப் பாலம் கடந்து, கைதடி கடந்து, சாவகச்சேரியும் கடந்து
எழுதுமட்டுவாளில்
தன் பெயரில்லாத வகுப்பறை வாசலில் நிற்கிறாள்.
ஒவ்வொரு முடக்கும் சரி.
ஒருவழிப்பாதையில் ஒருவரையும் எதிரே விடவில்லை.
தூரம் மீற்றருக்குச் சரி.
போகிற ஆள்தான் பிழை.

காலையில் நிலையங்களை அகரவரிசையில் அடுக்கியிருந்தேன்,
பார்க்க வடிவாயிருக்கட்டும் என்று.
அந்த ஒரு நிரலை மட்டும்.

மிஸ் சிரித்தா:
"சாதகக் கட்டைக் கீழை போட்ட புறோக்கர் மாதிரியெல்லோ செய்திருக்கிறாய்."

சுட்டிலக்கத்தால் திரும்பக் கோத்தேன்.
நூல்கள் நகத்தளவாய்ச் சுருங்கின.
மூன்று கிலோமீற்றர், ஒன்றரை, அறுநூறு மீற்றர்.
சுமையாவுக்கு ஒரு சந்தி, ஒரு மதவடி,
அவ்வளவுதான். பஸ்ஸே வேண்டாம்.

நானூற்றுப் பதினொன்று.
அந்த வெற்று நிரை அப்படியே இருந்தது.
எழுவைதீவு, அந்தோனிப்பிள்ளை றெனோசன்.
நிலையம்: ஊர்காவற்றுறை.
இரண்டு தரமும் அவனுக்கு ஒரே பதில், பாதை இல்லை.

தெருக்கள் மட்டும் உள்ள கோப்பு அது.
இறங்குதுறைக்கும் இறங்குதுறைக்கும் நடுவில்
நானே ஒரு கோடு கீறினேன்.
கோட்டுக்கு நேரம் கேட்டது.
நிமிடத்தில், ஒரேயொரு எண்.

வள்ளக்காரருக்கு அடித்தேன்.
"எந்தக் காத்துக்கு?" என்றார்.
மார்கழிக்கு என்றேன்.
கொஞ்ச நேரம் இயந்திரச் சத்தம் மட்டும்.
"பொடியனை முதல்நாள் பின்னேரமே கொண்டந்து விடுறன்.
அதை உம்மடை படத்திலை எப்பிடிப் போடுவீரோ, எனக்குத் தெரியாது."

பின்னேரம் நாலு மணியிலிருந்து காலை ஏழரை வரை
விரல்விட்டு எண்ணி
தொள்ளாயிரத்து முப்பது என்று அடித்தேன்.
ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக்கொண்டது.
கண்ணுக்கு முன்னே தெரிகிற கரைக்கு
பட்டியலிலேயே மிக நீண்ட பயணம்.

மிஸ் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தா.
"இரவு எங்கை படுப்பான்?"

வலப்பக்கம் புதிதாக ஒரு நிரல் திறந்தேன்.
தலைப்பு இன்னும் போடவில்லை.