கீறல் நீக்கிய பிரதி

திருவனந்தபுரத்துச் சுங்கத்தில் ஒன்பது நாள் கிடந்து
தக்கலை தபால் நிலையம் வந்து சேர்ந்தது வட்டு.
நாலாயிரத்து இருநூறு ரூபாய்.
பாதி என்னுடையது, பாதி றாபின்சனுடையது.
அட்டையில் ஒரு சிவப்புக் குடை.
பின்னட்டையில்,
மூல நெகட்டிவிலிருந்து சட்டகம் சட்டகமாகச்
சுத்தம் செய்யப்பட்டது என்று
பெருமையாக ஒரு வரி.

குமாரகோவில் போகும் சாலையில் அவன் வீடு.
ரப்பர் ஷீட் காயும் வாடையைத் தாண்டி மாடி ஏற வேண்டும்.
ஐம்பத்தைந்து அங்குலத் திரை, தவணை இன்னும் ஏழு பாக்கி.
ஐப்பசி, கூரைத் தகரத்தில்
கொட்டிக்கொண்டிருந்தது.

முதல் அரைமணி நேரம் நான் வாய் திறக்கவில்லை.
அந்தச் சிவப்பு!
வடசேரி பஸ் நிலையத்து நடைபாதையில்
முப்பது ரூபாய்க்கு வாங்கிய பழைய பிரதியில்
அது செங்கல் பொடி.
எழுத்தும் மூன்று நொடி பிந்தித்தான் வரும்,
செத்தவர்கள் செத்தபிறகு பதில் சொல்வார்கள்.
இங்கே அது குளச்சல் கரையில்
அப்போதுதான் பிளந்த சூரை.
கறுப்போ மணவாளக்குறிச்சி மணல்,
உள்ளே மினுங்கும் வேறு கறுப்புகளோடு.
உப்பு சுமக்கும் அந்தப் பெண்ணின் கழுத்தில்
மச்சம் இருப்பதே இன்றுதான் தெரியும்,
பதினோரு தடவை பார்த்திருக்கிறேன்.

பிறகு அந்தப் பாலம்.
பழைய பிரதியில் அங்கே மழை பெய்யும்.
சாய்வாக, நூல் நூலாக.
அவளும் அவனும் ஒரு சொல் பேசாமல்
நான்கு நிமிடம் நனைவார்கள்.

புதியதில் மழை இல்லை.
குடை இருக்கிறது. நனைந்த தலைமுடி இருக்கிறது.
ஓடையில் வட்டங்கள் விரிகின்றன
எதுவும் விழாமலே.
அவள் கை நீட்டி எதையோ ஏந்துகிறாள்.

"றாபி, மழை எங்கே?"
"வெளிய பெய்யுதே, கேக்கலியா?"
"படத்துல."
"அது பழைய ரீல்ல உள்ள கோடாக்கும்.
தொடச்சிருப்பினும். பளிங்கு மாதிரி இருக்கு பிள்ளே,
ஒனக்கு இனி என்னதான் வேணும்?"

கணினிக்குச் சொல்லிவைத்திருப்பார்கள்:
மெல்லியது, வெளிறியது,
மேலிருந்து கீழாக இறங்குவது,
அடுத்த சட்டகத்தில் இல்லாமல் போவது
எல்லாம் கீறல்.
மழையை இதைவிடச் சரியாக
நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

சத்தத்தைத் துடைக்க மட்டும் மறந்துவிட்டார்கள்.
பாலத்தில் மழை ஒலித்தது, தகரத்திலும்.
எது எதுவென்று பிரிக்க முடியாமல் கொஞ்ச நேரம்.
கரண்டு போனது.
ஒன்று நின்றது.

கம்பெனிக்கு எழுதினேன்.
மூன்று வாரம் கழித்துப் பதில்:
வாங்கியதற்கு நன்றி, எங்கள் பிரதியில்
குறை எதுவும் காணப்படவில்லை.
அதைத்தான் நானும் எழுதியிருந்தேன்.

மார்த்தாண்டத்தில் எனக்கு எக்ஸ்ரே வேலை.
அன்று முதல் ஆள் திற்பரப்பிலிருந்து, தாசையன்.
மழைக்கு முன்னே பால் வெட்டி முடிக்கலாம் என்று ஓடி
பாறையில் வழுக்கி, இடது மணிக்கட்டு.
புது இயந்திரம் படத்தைத் தானே மெருகேற்றித் தரும்.
எலும்பு தெரிந்தது
பத்மநாபபுரம் கொட்டாரத்துத் தரைபோல் வழுவழுவென்று.
ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்பலாம்.
"வலிக்குது மக்கா" என்றார்,
என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல.

மெருகை அணைத்தேன்.
திரை முழுக்கப் புள்ளி, சொரசொரப்பு,
கழுவாத அரிசி.
அதற்குள் முடிபோல ஒன்று, வெளிறி, சாய்வாக
இறங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் வரும்வரை
ஜன்னலோரம் உட்காரச் சொன்னேன்.
அவர் சட்டையிலிருந்து
இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.